லைல் கேட்ட சாப்பாடு

பணம் இல்லாத வரைக்கும் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். பணம் வந்ததும் நின்றுவிட்டார்கள். ஒடெட்டுக்கு இது எந்தக் கணக்கிலும் அடங்கவில்லை. விடியற்காலையில் ரொட்டிக்கு மாவு பிசையும்போதெல்லாம் இதையே நினைத்துக்கொண்டு, மாவு பாவம் என்ன செய்தது என்று பார்க்காமல் போட்டுக் குத்தினாள். அந்த மாதம் முழுக்க பெல் ஆன்ஸ் கிராமம் பல்லுக்கு வேலை வைக்கும் ரொட்டிதான் தின்றது.

கிராமத்துக்குத் தெற்கே காயல். அதைச் சுற்றி அலையாத்திக் காடு இருந்தது. புயல் எச்சரிக்கை வந்தால், கரீபியக் கடலில் இருக்கும் கேரியாக்கூ தீவின் படகெல்லாம் அந்தக் காயலுக்குள் வந்து ஒதுங்கும். அந்தக் காட்டின் கண்டல் மர வேர்களில் நாலாபக்கமும் கயிற்றைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கலாம் என்பார்கள். போன பெரிய புயல் அந்தப் பேச்சைப் பொய்யாக்கியது. காட்டை மொட்டையடித்து, கட்டியிருந்த படகுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றிப்போட்டது. ஒடெட்டின் தம்பி லைல் தன் படகைப் பார்க்கப் போனவன், படகோடு போய்ச் சேர்ந்தான்.

அவனைப் புதைத்த பிறகு ஒடெட் அழுதுகொண்டு உட்காரவில்லை. அவளுக்கு அழுகையைவிடக் கோபம்தான் சுலபமாக வரும். ஊரில் பத்துப் பதினைந்து பேரைச் சேர்த்து 'காயல் காவலர்கள்' என்று ஒரு தொண்டர் குழுவை ஆரம்பித்தாள். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் பந்தல் போட்டு, கண்டல் விதைகளைப் பைகளில் ஊன்றி, உப்புத் தண்ணீர் சுமந்து ஊற்றி வளர்த்தார்கள். யாரும் காசு கேட்கவில்லை. கேப்டன் ஹெசெக்கியா, எழுபதைத் தாண்டிய மனுஷர், வாளி வாளியாகச் சேறு தூக்கி வந்தார். வழி முழுக்க ஒடெட்டின் ரொட்டியைத் திட்டிக்கொண்டேதான் தூக்கினார், ஆனாலும் தூக்கினார்.

பிறகுதான் நிதி வந்தது. பக்கத்துப் பெரிய தீவில் ஓர் அமைப்பு இருந்தது. ஊர்க்காரர்கள் தாங்களே செய்யும் சுற்றுச்சூழல் வேலைகளுக்குச் சிறு சிறு தொகையாகக் கொடுப்பார்கள். அதில் வேலை பார்த்த கெரிஸ் என்ற பெண் நல்ல பெண், எத்தனை தடவை போன் அடித்தாலும் எடுப்பாள். பணம் இரண்டு தவணை. முதல் தவணை நடவுக்கு. கன்றெல்லாம் மண்ணில் இறங்கியதைக் கெரிஸ் நேரில் பார்த்த பிறகு இரண்டாவது தவணை. அந்த இரண்டாவதுதான் பெரிய தொகை. புயல் மணலைக் கொண்டுவந்து காயலின் வாயைப் பாதிக்குமேல் அடைத்துவிட்டிருந்தது; அதை இயந்திரம் வைத்துத் தோண்டித் திறக்க வேண்டும். திறக்காவிட்டால் கடல்நீர் உள்ளே வந்து போவது கொஞ்ச நாளில் நின்றுவிடும், கன்றும் பிழைக்காது, லைல் செத்த இடம் கொசு வளர்க்கும் குட்டையாகிவிடும்.

விண்ணப்பத்தில் அவள் நடவு நாளுக்கு என்று ஆடு, அரிசி, ரம், மேளக்காரர் என எல்லாவற்றையும் எழுதியிருந்தாள். அந்தத் தீவில் கூரை போடுவதும் படகு இறக்குவதும் அப்படித்தான் நடக்கும். அதற்கு மரூன் என்று பெயர். கூப்பிட்டால் ஊர் வரும், வேலை செய்யும், கூப்பிட்டவர் வயிறு நிறையப் போடுவார், கூலிப் பேச்சே கிடையாது. கெரிஸ் போனில் வருத்தத்தோடு சொன்னாள், சாப்பாடு, மது, சடங்கு மூன்றுக்கும் நிதி கொடுக்க விதி இல்லையாம். ஆனால் அந்தத் தொகையை விட்டுவிடவில்லை, நடவுக்கு வரும் தொண்டர்களுக்கு நாள் படியாக மாற்றிவிட்டாளாம். ஆளுக்கு நாற்பது டாலர்.

ஒடெட் மகிழ்ந்துபோனாள். ஆட்டை அறுத்தால் ஒரு வேளைக்குத்தான் வரும், கையில் நாற்பது டாலர் கொடுத்தால் யார் வேண்டாம் என்பார்கள்? சர்ச் வாசலிலும் கடை வாசலிலும் எழுதி ஒட்டினாள். பணம் என்றால் பிணமும் வாய் திறக்கும் என்று சொல்வார்கள். பெல் ஆன்ஸில் உயிரோடு இருந்தவர்கள்கூட வாயை மூடிக்கொண்டார்கள்.

நடவுக்கு வந்தவர்கள் ஐந்தே பேர். அதில் இரண்டு பேர் பக்கத்து ஊர். கன்றைத் தொடுவதற்கு முன்னால், மழை வந்தால் படி குறையுமா என்று கேட்டார்கள். வெயில் ஏறியதும் நிழலைத் தேடிப் போனார்கள், மூன்று மணிக்குக் கையைக் கழுவிக்கொண்டு நீட்டினார்கள். அவர்கள் நட்டது பந்தலின் ஒரு மூலையைக்கூடக் காலி செய்யவில்லை.

ஒடெட் நேராகக் கேப்டன் ஹெசெக்கியா வீட்டுக்குப் போனாள். அவர் நாற்காலியில் கால் நீட்டி உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தார். உடம்புக்கு முடியவில்லையா என்று கேட்டாள்.

"உடம்புக்கு என்ன? கல்லு மாதிரி இருக்கு."

"அப்புறம் ஏன் வரல?"

"நான் என்ன கூலிக்காரனா, பொண்ணே? உன் வீட்டுக் கூரைக்கு நான் ஏறுனேனே, அன்னிக்கு எனக்கு எவ்வளவு குடுத்த?"

"கோழியும் சோறும் போட்டேன்."

"போட்ட. அதனாலதான் என் படகு இறக்குனப்ப நீ கூப்பிடாமலே வந்து கயிறு இழுத்த. இப்ப நாப்பதை வாங்கிட்டேன்னு வை, கணக்கு முடிஞ்சுது. நாளைக்கு நான் செத்தா என் பெட்டியத் தூக்கக்கூட ஒவ்வொருத்தனும் நாப்பதுன்னு கேப்பான். எனக்கு உங்கூட கணக்கு முடிய வேணாம்."

அவள் பிறந்து வளர்ந்த ஊர். இது அவளுக்குத் தெரியாதா? தெரியும். கைக்குக் காசு வந்த வேகத்தில் மறந்திருந்தாள். சரி என்று, படியெல்லாம் கிடையாது, பழையபடி சும்மா வாருங்கள் என்று மறுபடி எழுதி ஒட்டினாள். அது இன்னும் மோசமாயிற்று. அப்படியானால் அந்த நாற்பது டாலர் யார் பைக்குப் போகிறது என்று ஊர் கேட்க ஆரம்பித்தது. ரொட்டி வாங்க வந்தவர்கள்கூடச் சில்லறையை இரண்டு தடவை எண்ணிப் பார்த்தார்கள்.

பந்தலில் கன்றுகளின் வேர் பையைக் கிழித்து வெளியே வந்துவிட்டது. மழைக்காலம் வந்து அலை பெரிதானால் அந்த வருஷம் நட முடியாது. மாசக் கடைசிச் சனிக்கிழமை நடவைப் பார்க்கக் கெரிஸ் கப்பலில் வருவதாகச் சொல்லியிருந்தாள்.

இந்த நிலைமையில்தான் ஒடெட் ஒரு நாள் மதியம் ரம் கடைக்கு ரொட்டி கொண்டுபோனாள். கேப்டனும் இன்னும் மூன்று பேரும் டாமினோ ஆடிக்கொண்டிருந்தார்கள். அவளைப் பார்த்ததும் கேப்டனுக்கு வாய் அரித்தது.

"என்ன ஒடெட், இன்னிக்கு ரேட் நாப்பதா, அம்பதா?"

கடையே சிரித்தது. கடைக்காரன், ஆள் வேண்டுமென்றால் பேசாமல் மரூன் போடு என்றான். சும்மா போட முடியுமா, அதற்கு ஒரு காரணம் வேண்டாமா, புதுப் படகா, கல்லறைக்குக் கல் வைக்கிறாளா என்று இன்னொருவன் கேட்டான். ஒன்றும் இல்லாவிட்டால் செத்தவர்கள் யாராவது வந்து சாப்பாடு கேட்டிருக்க வேண்டும் என்றார் கேப்டன்.

"லைல் கேட்டான்" என்றாள் ஒடெட்.

கோபத்தில்தான் வாயிலிருந்து விழுந்தது. சிரித்து மழுப்பியிருக்கலாம். மழுப்பவில்லை.

அந்தத் தீவில் செத்தவர்கள் கனவில் வந்து பசிக்கிறது என்பார்கள். வந்துவிட்டால் குடும்பம் சமைத்தே தீர வேண்டும், ஊர் வந்தே தீர வேண்டும், அதில் சாக்குப்போக்கு இல்லை. லைல் செத்த நாளிலிருந்து ஊர் கேட்டுக்கொண்டே இருந்தது, வந்தானா, வந்தானா என்று. அக்காள் கனவிலும் வரவில்லை, பெண்டாட்டி கனவிலும் வரவில்லை. அவன் பெண்டாட்டி மெர்ல் துணி தைப்பவள். சீக்கிரம் தூங்கினாலாவது வருவானோ என்று தையல் இயந்திரத்தை மாலையிலேயே மூடிவைத்துவிட்டுப் படுத்துக்கொள்வாள். ஒடெட்டுக்கும் அந்த ஏக்கம் இருந்தது. தம்பிக்குத் தன்மேல் என்ன வருத்தமோ என்று தனியாக இருக்கும்போது நினைத்துக்கொள்வாள்.

கேப்டன் கையில் இருந்த டாமினோவைக் கீழே வைத்தார். எப்போது வந்தான் என்று கேட்டார். நேற்று என்றாள். என்ன கேட்டான்?

"காயல் கரையில சாப்பாடு வேணும்னான்."

அவ்வளவுதான் சொன்னாள். அவசரத்தில் சொன்ன பொய், அதில் கன்று நடுவதைச் சேர்க்க மறந்துபோனாள். வீட்டுக்குப் பாதி வழி வந்த பிறகுதான் அது உறைத்தது.

சூரியன் இறங்குவதற்குள் ஒருவர் இரண்டு ஆடு தருவதாகச் சொல்லி அனுப்பினார், இன்னொருவர் சோளமாவு. மேளம் வாசிப்பவர்கள் தாங்களே தேதி குறித்துவிட்டார்கள், மாசக் கடைசிச் சனிக்கிழமை. பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்று பழமொழி. இங்கே ஒரு பொய் ஊருக்கே போஜனம் போடக் கிளம்பியது.

மெர்லும் வந்தாள். ரவிக்கையில் தையல் நூல் ஒட்டிக்கொண்டிருக்க, வேலிக்கு வெளியே நின்றாள். ஒன்றும் கேட்கவில்லை. வேலிக்கு மேலே கையை நீட்டி ஒடெட்டின் கையைப் பிடித்து அமுக்கிவிட்டு, அரிசி தன் பொறுப்பு என்று சொல்லிவிட்டுப் போனாள். ஒடெட்டால் தலை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அவளுக்குத் தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. ஆனால் பந்தலில் வேர் முற்றிய கன்றுகள் இருந்தன. அவள் வாயைத் திறக்கவில்லை.

சனிக்கிழமை காயல் கரையில் வெளியூர்க்காரர்களும் சேர்ந்து நின்றார்கள். கல் அடுப்புகள் வரிசையாகப் புகைந்தன. ஒரு சட்டியில் ஆட்டுக்கறி, இன்னொன்றில் துவரையோடு சோளமாவுக் களி, பெண்கள் ஒரு பலகையைச் சுற்றி நின்று சோற்றை உருண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். கேப்டன் தண்ணீரையும் ரம்மையும் மண்ணில் ஊற்றி, ஊரின் செத்தவர்களை ஒவ்வொருவராகப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். லைல் பேரைக் கடைசியில் சொன்னார். தரையில் ஊற்றியதற்குச் சமமாகத் தன் தொண்டையிலும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டார்.

கெரிஸ் புது ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்து இறங்கினாள். சட்டிகளைப் பார்த்ததும் முகம் மாறியது. ஒடெட்டைத் தனியாக அழைத்தாள்.

"மிஸ் ஒடெட், இந்தச் சாப்பாடெல்லாம்… நம்ம நிதியிலயா?"

"ஒரு செண்ட் தொடல. அஞ்சு பேருக்குக் குடுத்தது போக, படிப் பணம் அப்படியே இருக்கு. இது என் தம்பி பேர்ல நடக்குது."

"அவர் எங்க இருக்காரு? பாத்து ஒரு நன்றி சொல்லிடறேன்."

ஒடெட் மேட்டில் இருந்த கல்லறைகளைக் கைகாட்டினாள். கெரிஸ் அதற்குமேல் சாப்பாட்டைப் பற்றிக் கேட்கவில்லை.

காலையில் கடல் இறங்கி, காயலில் தண்ணீர் நன்றாக வடிந்திருந்தது. நடவு ஜோராகத்தான் ஆரம்பித்தது. வந்ததும் வந்தோம், லைலின் அக்காளுக்காக நாலு கன்று வைப்போம் என்று ஆணும் பெண்ணும் சேற்றில் இறங்கினார்கள். பந்தலில் பாதி காலியாயிற்று. பிறகு கறி வெந்த வாசனை காற்றோடு கீழே வந்தது. ஒருவன் முதுகை நிமிர்த்தினான். இன்னொருத்தி காலைக் கழுவினாள். கொஞ்ச நேரத்தில் காயலில் ஒடெட்டும் கெரிஸும் மட்டும் நின்றார்கள், அதிலும் கெரிஸின் ஒரு பூட்ஸ் சேற்றில் மாட்டிக்கொண்டு வர மறுத்தது.

ஒடெட் கரையேறிப் போய்க் கூப்பிட்டாள். கடல்நீர் திரும்பி வர ஆரம்பித்துவிட்டது, ஏறுவதற்குள் வைத்துவிட வேண்டும் என்று கெஞ்சினாள். அவளுக்குக் கெஞ்சிப் பழக்கமில்லை, அதனால் அது திட்டுவது போலவே இருந்தது. லைல் கேட்டது சாப்பாடு, கன்று இல்லை, அவனைக் காக்கவைத்தால் கோபித்துக்கொள்வான் என்று கேப்டன் பதில் சொன்னார். மற்றவர்களும் ஆமாம் என்றார்கள். அவள் பொய்யையே அவள் முகத்தில் திருப்பி அடித்தார்கள், அதில் தப்பு சொல்ல அவளுக்கு இடமில்லை. கறியும் ரம்மும் உள்ளே போய்விட்டால் ஒருவரும் மறுபடி சேற்றில் இறங்கப் போவதில்லை என்பது அவளுக்குத் தெரியும். கெரிஸ் மீதிக் கன்றுகளைப் பார்த்துவிட்டு ஒடெட்டைப் பார்த்தாள். எல்லாவற்றையும் நடாமல், நடவு முடிந்தது என்று தன்னால் எழுத முடியாது என்று மெதுவாகச் சொன்னாள்.

அப்போது மெர்ல் வந்தாள். கையில் வெள்ளைத் துணி போட்டு மூடிய தட்டு. செத்தவர்களுக்கென்று முதலில் எடுத்து வைக்கும் தட்டு அது. லைல் போன பிறகு முதல் தடவையாகக் கறுப்பை விட்டுவிட்டு நீலப் பாவாடை உடுத்தியிருந்தாள். ஒடெட்டைப் பந்தலுக்குப் பின்னால் அழைத்துப் போனாள்.

"இத்தனை நாள் கேக்கல. கேக்க பயமா இருந்துச்சு" என்றாள். "என்னைப் பத்தி ஏதாவது கேட்டானா?"

ஆமாம் என்று ஒரு சொல் போதும். ஒடெட்டின் நாக்கு நுனியில் இருந்தது. அந்த முகத்தைப் பார்த்தபின் அதைச் சொல்ல அவளால் முடியவில்லை.

"அவன் வரல, மெர்ல். கடையில கோவத்துல சொல்லிட்டேன். ஆள் வரணும்னு சொல்லிட்டேன்."

"ஒரு தடவகூடவா வரல?"

"ஒரு தடவகூட வரல."

மெர்ல் தட்டைப் பார்த்தாள். மூடியிருந்த துணியின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தாள். பிறகு சட்டிகள் இருந்த பக்கம் நடந்தாள்.

ஒடெட் கவிழ்த்துப் போட்ட வாளி ஒன்றின்மேல் உட்கார்ந்துவிட்டாள். மெர்ல் சொல்லப் போகிறாள், ஊர் முன்னால் வைத்துச் சொல்லப் போகிறாள். செத்த தம்பியின் பேரில் பொய் சொன்னவள் என்று இனி இந்தத் தீவில் அவள் ரொட்டியை நாய்கூட முகராது. சொல்லட்டும், தனக்கு அது வேண்டும் என்று நினைத்தாள். அந்த நேரத்தில் காயலைப் பற்றிக்கூட அவளுக்குக் கவலை இல்லை. மெர்லின் நீலப் பாவாடைதான் அவள் கண்ணை விட்டுப் போகவில்லை.

மெர்ல் தட்டைச் செத்தவர்களுக்கென்று போட்டிருந்த மேசைமேல் வைத்தாள். மேளக்காரர்களைப் பார்த்துக் கையை உயர்த்தினாள். மேளம் நின்றது. அவள் அதிகம் பேசாதவள், அதனால் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"லைல் எங்கிட்டயும் வந்தான்" என்றாள்.

கறியை வாய்வரை கொண்டுபோன கேப்டனின் கை அங்கேயே நின்றது.

"கால்ல சேறு காயறதுக்குள்ள கழுவிட்டு வர்றவன் எவனும் என் சோத்துல கை வைக்கக் கூடாதுன்னான். கன்னு மொத்தமும் மண்ணுல எறங்கணும், அப்புறம்தான் சட்டியத் தொறக்கணும்னான்."

"இத ஏன் முன்னாடியே சொல்லல?" என்று கேப்டன் கேட்டார்.

"என் புருஷன் எங்கிட்ட சொன்னத நான் எப்ப வேணா சொல்லுவேன். நீங்க மொதல்ல அந்தக் கறிய வையுங்க, கேப்டன்."

கேப்டன் வைத்தார். சமையல்காரன் சட்டிகளை ஒவ்வொன்றாக மூடினான். ஊர் முணுமுணுத்துக்கொண்டே பாவாடையையும் காற்சட்டையையும் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கியது. பசித்த ஊரின் வேகம் தனி. பந்தலிலிருந்து காயல்வரை வரிசையாக நின்று கன்றுகளைக் கைமாற்றினார்கள். மேளக்காரர்கள் சும்மா நிற்க முடியாமல் கரையிலிருந்து வாசிக்க, அந்தத் தாளத்துக்கே ஆட்கள் குனிந்து நிமிர்ந்தார்கள். கேப்டன் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, செத்த பிறகு லைலுக்கு அதிகாரம் கூடிவிட்டது என்று புலம்பியபடியே ஊன்றினார்.

தண்ணீர் தொடையைத் தொடும்போது பந்தல் காலி. கெரிஸ் ஒரு பூட்ஸோடு கரையில் நின்று போட்டோ எடுத்தாள். இரண்டாவது தவணைக்குத் தன்னால் ஆனதைச் செய்கிறேன், கொடுக்காமல் மிச்சமான படிப் பணத்தையும் காயல் வாயைத் தோண்டுவதற்கே மாற்றக் கேட்டுப் பார்க்கிறேன் என்றாள். இவ்வளவு நாள் காத்திருந்த வார்த்தை. ஒடெட் தலையாட்டினாள், காதில் பாதிதான் விழுந்தது.

அவள் கடைசி வரிசையில் நின்றாள். பக்கத்தில் மெர்ல். நீலப் பாவாடை இடுப்புவரை சேறு. இத்தனை நேரம் பக்கத்தில் நின்றும் மெர்ல் அவள் பக்கம் திரும்பவே இல்லை. கடைசியாக இருந்த கன்றுகளை ஒவ்வொன்றாக வாங்கி, தண்ணீருக்கடியில் கையால் தடவி இடம் பார்த்து ஊன்றிக்கொண்டிருந்தாள்.

"மெர்ல்…" என்றாள் ஒடெட்.

"நீ நடு."

ஒடெட் நட்டாள். கரையில் சட்டிகளைத் திறந்துவிட்டார்கள், சிரிப்பும் தட்டுச் சத்தமும் கேட்டன. யாரோ இருவரையும் பேர் சொல்லிச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். மெர்ல் கையில் இருந்த கன்றை ஊன்றி, சுற்றிலும் சேற்றை அழுத்தினாள். நிமிர்ந்தபோது அவள் கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை.

"இனிமே அவன் வந்தா எங்கிட்ட வரட்டும், ஒடெட். உங்கிட்ட வந்தான்னு சொன்னா நான் நம்ப மாட்டேன்."